எதிரில் வந்தவள்

காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் அடியில் பத்துக் கால்விரல்கள் தெரியும். மழையில் ஊறிப் பெருத்த கதவை ஆசாரி ஒருவர் அடிப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே இழைத்துவிட்டதால் தரைக்கும் கதவுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்திருந்தது; பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் தரையில் உட்கார்ந்து அம்மாவிடம் தலை பின்னிக்கொள்ளும் எனக்கு, அந்த உயரத்திலிருந்து, அதுதான் முதலில் கண்ணில் படும். மெட்டி இல்லாத, மஞ்சள் பூசாத, நகத்தை ஒட்ட வெட்டிய விரல்கள். அவை அசையாமல் இருந்தால் வீட்டில் யாரோ ஓர் ஆண் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை என்று அர்த்தம்.

விரல்கள் என் அத்தையுடையவை. அப்பாவின் தங்கை, பெயர் பச்சையம்மாள். எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது, திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். ஐந்து குடித்தனங்கள் அடுத்தடுத்து இருந்த அந்த வீட்டுக்குத் தெருவாசல் ஒன்று, கிணறு ஒன்று, இரண்டையும் சேர்க்கும் நீளமான "நடை" ஒன்று. யார் எங்கே போவதானாலும் அந்த நடை வழியாகத்தான் போக வேண்டும். எதிரில் வருபவரைப் பார்க்காமல் போக முடியாது. அத்தை கைம்பெண். வெளியே கிளம்பும் ஆண்களுக்கு எதிரில் அவள் வரக்கூடாது. இதற்காக அப்பா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். விடிவதற்கு முன் கிணற்றடி வேலையை முடித்துக்கொண்டு அத்தை உள்ளே வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கடைசி ஆண் தெருவில் இறங்கும்வரை சமையலறையை விட்டு வெளியே வரக்கூடாது.

"காலைல எதுக்கு ஒருத்தர் வாயில விழணும்? எல்லாரும் போனப்பறம் ராணி மாதிரி நடமாடிக்கோயேன்" என்று அப்பா சொல்வார். கடலை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அவர் யாரையும் கடிந்து பேசியவர் அல்ல. தங்கையைக் காப்பாற்றும் வழி அது என்றே நினைத்தார்.

ஆண்கள் கிளம்புவதை அத்தை சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வாள். தையற்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு போவார். வக்கீல் குமாஸ்தா குடையை ஒவ்வொரு தூணிலும் தட்டிக்கொண்டே போவார். பஸ் கண்டக்டரின் தோல்பையில் சில்லறை குலுங்கும். அப்பாவின் சைக்கிளில் செயின் உறையில் உரசும். அப்பாவுக்கும் அவள் எதிரில் வருவதில்லை. எனக்குப் பரீட்சை நடக்கும் நாட்களில் கதவின் அடியில் விரல்கள்கூடத் தெரியாது. அடுப்போரம் தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

இந்தக் கடைசி விஷயத்தைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. தன்னை யாரோ அநியாயமாக அடைத்து வைத்திருப்பதாக அத்தை நினைக்கவில்லை. தன் முகத்தில் ஏதோ இருக்கிறது, அது அடுத்தவர் மேல் படும் என்று அந்த வீட்டில் எல்லோரையும்விட அவள்தான் உறுதியாக நம்பினாள்.

அந்த நம்பிக்கை கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தது. அங்கேதான் பத்தொன்பது வயதில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம், கிணற்றில் இறங்கி மோட்டாரைத் தூக்கப் போன மாப்பிள்ளை, கயிறு அறுந்து விழுந்து இறந்தார். அன்று காலை அவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அத்தை தண்ணீர்ச் செம்போடு எதிரில் வந்தாளாம். நிறைசெம்போடு சுமங்கலி எதிரில் வருவது நல்ல சகுனம் என்றுதான் அதுவரை எல்லோரும் சொல்லிவந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் அது மறந்துபோயிற்று. "மூஞ்ச காட்டியே முழுங்கிட்டா" என்று மாமியார் சொன்ன வார்த்தை, அத்தை திருவண்ணாமலைக்குத் திரும்பி வருவதற்கு முன்பே பஸ் ஏறி எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கயிறு எத்தனை வருடப் பழசு என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஒரு கோடைக்கு முன்னால் எங்கள் வீட்டின் நான்காவது குடித்தனம் காலியாகி, அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வந்தது. தேவசகாயம் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பம் ஏறும் வேலை. அவர் மனைவி எஸ்தர் ஒரு பால்வாடியில் டீச்சர். ஒரே பெண் கிரேஸ் டைப்பிங் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் எந்தச் சாதியிலிருந்து மதம் மாறியவர்கள் என்று மற்ற குடித்தனங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. நேரில் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. அவர்கள் வாளி கிணற்றில் இறங்கி ஏறினால், கண்டக்டர் மனைவி மங்காக்கா சற்று நேரம் காத்திருந்துதான் தன் வாளியை இறக்குவாள். கோடை வந்து தண்ணீர் அடியில் போனதும் அதை விட்டுவிட்டாள்.

தேவசகாயம் ரப்பர் செருப்பில் ஓசையில்லாமல் நடப்பவர். அவர் கிளம்பும் சத்தம் அத்தைக்குப் பிடிபடவில்லை. அதனால் ஒருநாள், எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக் குடத்தோடு நடைக்கு வந்தவள், தோளில் கயிற்றுச் சுருளோடு வந்த அவருக்கு நேர் எதிரில் அகப்பட்டுக்கொண்டாள். சட்டென்று திரும்பி, நெற்றி சுவரில் இடிக்க நின்றாள்.

"இன்னாம்மா, செவுத்துல இன்னா எழுதியிருக்குது?" என்றார் தேவசகாயம். "கொஞ்சம் வழி உடுங்க. போஸ்ட்டு எனக்காவ நிக்கும், ஜீப்பு நிக்காது."

"உள்ள போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, ஒக்காந்துட்டுப் போங்கண்ணா" என்று அத்தை சுவரைப் பார்த்தே சொன்னாள். கெட்ட சகுனம் கண்டவர்கள் அப்படித்தான் செய்வது வழக்கம்.

"தண்ணி இப்பதாம்மா குடிச்சேன். ஜாஸ்தி குடிச்சா கம்பத்து மேல கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கவாட்டில் நுழைந்து போய்விட்டார்.

அன்று அத்தை சாப்பிடவில்லை. சாயங்காலம் காலி டிபன் கேரியர் ஆட அவர் நடைக்குள் நுழைந்தபோதுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள். இதைக் கேள்விப்பட்ட எஸ்தர் டீச்சர் சிரிக்கவில்லை. மறுநாள் மதியம் தானாகவே எங்கள் பக்கம் வந்து, அத்தை உரித்துக்கொண்டிருந்த நிலக்கடலைக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, தானும் உரிக்க ஆரம்பித்தார். எங்கள் ஊர்ப்பக்கம் அதை "மல்லாட்டை" என்போம். விதைக்காக உடையாமல் உரித்துத் தர அப்பா மண்டியிலிருந்து மூட்டை கொண்டுவருவார்.

அதற்குப் பிறகு பெரும்பாலான மதியங்களில் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். எஸ்தர் டீச்சர் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில், கைவேலையை நிறுத்தாமல், இயேசுவைப் பற்றிக் கதை சொல்வார். வருடக்கணக்கில் உதிரம் நிற்காத ஒரு பெண், தீட்டு என்று ஊரே ஒதுக்கிய பெண், கூட்டத்துக்குள் புகுந்து பின்னால் வந்து அவருடைய அங்கியைத் தொட்ட கதையைச் சொன்ன அன்று நான் பக்கத்தில் வீட்டுக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோ கும்பல்ல யாருமே அவள தொரத்தலியா?" என்று அத்தை கேட்டாள்.

"தொரத்தறதுக்கு முந்தியே தொட்டுட்டா இல்ல."

"அவரு ஒண்ணும் சொல்லலியா? அவருக்குத் தீட்டு இல்லியா?"

"மகளேன்னு கூப்ட்டாரு."

அத்தை ஒரு முறம் நிறைய உரித்து முடித்தாள். பிறகு, "நீங்க நல்லா கத கட்றீங்க டீச்சர்" என்றாள். மறுநாள் அதே கதையை மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

மழைக்காலத்தில் எஸ்தர் டீச்சருக்கு வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. வேலூரில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. கிரேஸின் கல்யாணத்துக்கு முன்னால் எழுந்து நடமாட வேண்டும் என்பதால் உடனே போகத் தீர்மானித்தார்கள். கிளம்பிய நாள் காலை எட்டு மணி வாக்கில் சந்துமுனையில் ஜட்கா வண்டி வந்து நின்றது. மற்ற ஆண்களும் கிளம்பும் நேரம். நடையில் ஆள் நிறைந்திருந்தது. எஸ்தர் டீச்சர் கையில் கூடையோடு தெருவாசல் வரை போனவர், திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"பச்சையம்மா, வெளிய வா. நான் போறப்ப நீ எதிர்ல வரணும்."

கதவின் அடியில் விரல்கள் பின்னால் நகர்ந்தன.

"இன்னா டீச்சர் இது வெளையாட்டு?" என்றாள் மங்காக்கா. "ஆபரேஷனுக்குப் போறப்ப யாராச்சும் தெரிஞ்சே பள்ளத்துல கால வெப்பாங்களா?"

"வெளையாட்டு இல்ல மங்கா. எனக்கு அவ மூஞ்சிய பாத்துட்டுப் போவணும்."

அப்பா சைக்கிளைப் பிடித்தபடி, "டீச்சரம்மா, வேணாங்க. நல்லபடியா போயிட்டு வாங்க. வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது.

எஸ்தர் டீச்சர் கதவைப் பார்த்தே பேசினார். "இத பாரு. நான் திரும்பி வந்தா அது உன்னால இல்ல. வராட்டியும் உன்னால இல்ல. என் உசிர வெச்சிருக்கிறது வேற ஒருத்தரு கை. அது உனக்குத் தெரியணும், அதுக்குத்தான் கூப்புடறேன். பஸ்ஸு போயிடும், சீக்கிரம் வா."

கதவு திறந்தது. அத்தை தலையைக் குனிந்தபடி நடைக்கு வந்து நின்றாள். எஸ்தர் டீச்சர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். "நல்லா இருக்குது" என்றார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, உள்ளே போய்த் தண்ணீர் குடிக்காமல், உட்காராமல், நேராக வண்டிக்குப் போனார். நடையில் இருந்த ஆண்கள் தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டுக் கிளம்ப ஒவ்வொருவராக உள்ளே திரும்பினார்கள். கண்டக்டர் மட்டும் அதையும் நம்பாமல், பின்பக்கம் போய்க் கிணற்றடிச் சுவரேறிக் குதித்து டூட்டிக்குப் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று முதலில் தகவல் வந்தது. அத்தை அன்று எனக்குப் பின்னலில் இரண்டு முழம் கனகாம்பரம் வைத்துவிட்டாள். சில நாட்கள் கழித்து இரண்டாவது தகவல் வந்தது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த எஸ்தர் டீச்சருக்குத் திடீரென்று மூச்சு அடைத்திருக்கிறது. டாக்டர் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

"நான் அன்னிக்கே சொன்னேன். படிச்சவங்க, எங்க கேக்கறாங்க?" என்று மங்காக்கா கிணற்றடியில் சொன்னாள். அவள் கெட்டவள் அல்ல. சொல்லும்போது அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். அப்பா அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடும்போது அம்மாவிடம் ஆச்சரியமாகச் சொன்னார்: "அந்த மனுஷன் அழுவறாரு, ஆனா தலையில அடிச்சிக்கல. அவ முன்னாடி போயிருக்கா சார், நாங்க அப்பால போவோம்னு, என்னமோ ஊருக்குப் போனவங்கள சொல்ற மாதிரி சொல்றாரு." அடுப்படியில் இருந்த அத்தைக்கும் இது கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை கதவின் அடியில் விரல்கள் தெரியவில்லை. இடைவெளியை அத்தை ஒரு கோணிச்சாக்கைச் சுருட்டி வைத்து அடைத்திருந்தாள். பத்து மணிக்கு மேலும் வெளியே வரவில்லை. மல்லாட்டை மூட்டை பிரிக்காமல் கிடந்தது. அம்மா அவள் மனத்தை மாற்ற ஏதேதோ பேசிப் பார்த்தாள். "யார் எதிர்லயும் வேணாம்னு நானு உள்ளயேதான இருந்தேன்? டீச்சர் கூப்ட்டாங்கன்னு ஏன் வந்தேன்?" என்று மட்டும் அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். இதுபோல வாரங்கள் போயின. அவள் மெலிந்துகொண்டே வந்ததைப் பார்த்து அம்மா பயந்தாள். அத்தை உயிரோடு இருப்பாளா என்று அம்மா அப்பாவிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்திருக்கிறது.

கிரேஸின் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று இரு வீட்டாரும் முடிவு செய்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு, காலையில் ஆண்கள் கிளம்பும் அதே நேரத்தில், தேவசகாயம் காக்கிச் சட்டையோடு எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டார். மங்காக்காவும் கண்டக்டரும் நடையில் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தாமலே பேசினார்.

"சார், கல்யாணத்தன்னிக்கி பொண்ணு வூட்ட வுட்டு எறங்கறப்ப அவங்கம்மா முன்னால போவணும். அவ இல்ல. உங்க தங்கச்சி போவணும்னு கிரேஸ் சொல்லுது. எனக்கும் அதான் சரின்னு படுது."

அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். எல்லாப் பித்தானும் போட்டு முடித்த பிறகு, "வேணாம் சார். ஒருதரம் ஆயிடுச்சி" என்றார்.

"ஆயிடுச்சி. எங்க வூட்லதான ஆச்சி?" என்றார் தேவசகாயம். "எங்களுக்குப் பயம் இல்ல. நீங்க எதுக்கு சார் பயப்படறீங்க?"

கதவு அசைந்தது. உள்பக்கம் சுருட்டி வைத்திருந்த சாக்கு கதவோடு சேர்ந்து இழுபட்டு மடங்கிக்கொண்டதால் பாதியில் நின்றது. அத்தை காலால் அதைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். வெளிச்சத்துக்குப் பழகாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் முன்னால், தேவசகாயத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்க போய்ச் சேந்தப்பறமும் என்னையா கேக்குறீங்க?" என்றாள்.

"உன்னத்தாம்மா."

"எத்தினி மணிக்கு எறங்கணும்?"

கல்யாணத்தன்று அத்தை முன்னால் போனாள். பெரிதாக வர்ணிக்க ஒன்றுமில்லை. வெளிர்நீலச் சேலை கட்டியிருந்தாள். வெள்ளைச் சேலையில் மணப்பெண்ணாக இறங்கிய கிரேஸுக்கு நாலடி முன்னால், நிமிர்ந்தும் நிமிராமலும் நடந்து, தெருவாசலைத் தாண்டி, சந்துமுனை வரை போனாள். அவளை எதிரில் பார்த்த பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றார். அவள் நின்று அவருக்கு வழிவிடவில்லை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த வருடமே மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. வேறு வேலை கிடைக்க நெடுநாள் ஆயிற்று. கிரேஸ் வீட்டில் யாரும் அதற்கு அத்தையைக் காரணமாக நினைக்கவில்லை. லீவில் வரும்போதெல்லாம் கிரேஸ் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தனியாகச் சபைக்குப் போனாள். பழக்கதோஷத்தில், எல்லோரும் உள்ளே போகட்டும் என்று மணிக்கூண்டுப் பக்கம் ஒதுங்கி நின்றாள். பிந்தி வருபவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்; பாட்டையும் பிரசங்கத்தையும் வெளியில் நின்றே கேட்டு முடித்தாள். ஆராதனை முடிந்து சபை முழுவதும் கதவைத் திறந்துகொண்டு அவளுக்கு நேர் எதிரில் வந்தது. முதலில் வந்த போதகர் கை கொடுப்பதற்காகக் கையை நீட்டினார். எதையோ கேட்கிறார் என்று நினைத்து அத்தை கையில் இருந்த குடையைக் கொடுத்துவிட்டாள். அவர் குடையை விரித்துப் பார்த்து, "நல்ல குடை. அடுத்த வாரம் உள்ள வந்து வாங்கிக்குங்க" என்றார். அடுத்த வாரம் அத்தை உள்ளே போனாள்.

ஒரு வருடத்துக்கு மேல் போய்வந்த பிறகு ஞானஸ்நானம் எடுக்கத் தீர்மானித்தாள். வீட்டில் பேச்சு கிளம்பியது. "எத்தினி டப்பா பால்பவுடர் குடுத்தாங்க?" என்று மங்காக்கா கேட்டாள். அந்தக் காலத்தில் மதம் மாறியவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்ட கேள்வி அது. "எனக்கு ஒண்ணும் குடுக்கல மங்கா. உனக்கு வேணும்னா ஒரு டப்பா கேட்டு வாங்கியாறட்டா?" என்று அத்தை சொல்ல, மங்காக்காவே சிரித்துவிட்டாள்.

அப்பா சிரிக்கவில்லை. "குலதெய்வத்து பேருதான உனக்கு வெச்சிருக்குது. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார்.

"பேர மாத்தலண்ணா. இந்தப் பேர சொல்லித்தான எல்லாரும் ஒதுங்குனாங்க? இதே பேர்ல ஒருத்தரு என்னக் கூப்ட்டிருக்காரு. இதே இருக்கட்டும்."

போதகர் புதுப் பெயர் ஒன்றைச் சொல்லிப் பார்த்து, பிறகு சம்மதித்தார். பச்சையம்மாள் என்ற பெயரிலேயே அவளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அம்மாவும் நானும் போயிருந்தோம். அப்பா மண்டியில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மண்டி கிடையாது.

எஸ்தர் டீச்சர் வேலை பார்த்த பால்வாடியில் ஆயா வேலை காலியானபோது அத்தைக்கு அது கிடைத்தது. அதற்குப் பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு அவளும் நடையில் இறங்கினாள். மற்றவர்கள் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். குமாஸ்தா அவளைக் கண்டால் உள்ளே திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். "மெதுவா குடிச்சிட்டு வாங்கண்ணா, நான் முன்னாடி போறேன்" என்று அத்தை சொல்லிவிட்டுப் போவாள். அவள் குரலில் குத்தல் இருந்ததில்லை. பத்து வருடம் அந்தப் பயத்தோடு வாழ்ந்தவளுக்கு அவருடைய பயம் தெரியாததா?

எண்பதுகளின் நடுவில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், எதையும் கேள்வி கேட்டு எழுதிவிடலாம் என்று நினைத்த வயதில், அவளிடம் நேராகவே கேட்டேன். உங்கள் தோஷம் போய்விட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பால்வாடிப் பிள்ளைகளின் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்: "அப்படி ஒண்ணு எங்கிட்ட இருந்திச்சின்னு வெச்சிக்கோ, அத இயேசு எடுத்துக்கிட்டாரு, அத்தோட சிலுவைல ஏறிட்டாரு. இல்லவே இல்லன்னு வெச்சிக்கோ, அப்பவும் எங்கிட்ட இல்ல. எந்தப் பக்கம் கணக்கு போட்டாலும் எங்கையில மீதி வரல. உங்கப்பாவ கேளு, அவரு கணக்கு தெரிஞ்சவரு."

"டீச்சர் செத்துட்டாங்களே. அப்பவும் நம்பினீங்களா?"

"அப்பதான் நம்புனேன். அவங்க பொழச்சி வந்திருந்தா, என் ராசி நல்லாயிடுச்சின்னு நெனச்சிருப்பேன். அடுத்த தபா யாருக்காச்சும் ஆவாம போனா மறுபடியும் கதவுக்குப் பின்னால போயிருப்பேன். அவங்க வூட்ல சாவ வெச்சிக்கிட்டே என்ன முன்னால வான்னாங்க பாரு, அதுக்கப்பறம் நான் எதுக்கு பயப்படணும்? இனிமே எனக்கு விடுதலதான்."

"நீங்க சாகறப்ப?"

"டீச்சர் எதிர்ல வருவாங்க" என்றாள் அத்தை. அடுத்த டம்ளரை எடுத்தாள்.

செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எத்தனையோ பேர் தங்கள் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறேன். அத்தை சொன்னதைப்போல ஒன்றை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ் இருக்கிறது. நடை இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். பௌர்ணமி வந்தால் அதிலும் இடம் கிடைப்பதில்லை. கிணற்றை மூடிவிட்டார்கள். ஜட்கா வண்டிகள் போய், ஆட்டோக்கள் வந்துவிட்டன. தையற்காரரும் குமாஸ்தாவும் கண்டக்டரும் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை. தேவசகாயம் ஓய்வுபெற்று மகளோடு ஓசூருக்குப் போய், அங்கேயே இறந்தார். அத்தை பால்வாடி வேலையிலிருந்து நின்ற பிறகும் பல வருடம் இருந்தாள். எஸ்தர் டீச்சரின் கல்லறைக்குச் சற்றுத் தள்ளி அவளை அடக்கம் செய்தோம்.

அப்பா அவளுக்குப் பிறகு நான்கு வருடம் உயிரோடு இருந்தார். அவர் கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அந்த நான்கு வருடமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அத்தை போய்வந்த அதே சபைக்குப் போய், ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிவு ஜெபத்துக்கு முன்னால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார்.